சீல் மாத்தியும் எண்ணெய் நிக்கல: எங்க கூரா கதை

எங்க வீட்டு போர்ச்ல ஒரு பழைய ஃபிரிட்ஜ் பெட்டியோட அட்டை எப்பவும் விரிச்சே கிடக்கும், அது மேலதான் கூரா நிக்கும். கூரான்னா வோக்ஸ்வேகன் பீட்டல் காருதாங்க. மலாய்க்காரங்க ஆமை மாதிரி இருக்குன்னு கூரா கூரான்னு சொல்லிச் சொல்லி நம்ம வாயிலயும் ஒட்டிக்கிச்சு. 1972 மாடல், 1300 என்ஜின், அப்பா செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது. நாங்க மூணு பேரும் ஸ்கூலுக்குப் போனது, தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலைக்குப் போனது எல்லாம் அதுலதான். அப்பா போனதுக்கு அப்புறம் விலைக்குக் கேட்டு நாலஞ்சு பேர் வந்தாங்க, அம்மா முடியவே முடியாதுன்னுட்டாங்க, அப்படியே காடி (காரை நாங்க அப்படித்தான் சொல்லுவோம்) என் தலையில வந்து விடிஞ்சது.

அந்த அட்டையில விழுந்த எண்ணெய்க் கறையில இருந்துதான் எல்லாமே ஆரம்பிச்சது. முதல்ல அம்பது காசு அளவுக்கு ஒரு வட்டம், பழைய காடின்னா கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும்னு விட்டுட்டேன். பீட்டல் ஒழுகலைன்னா உள்ள எண்ணெய் தீர்ந்துபோச்சுன்னு அர்த்தம்னு ஒரு ஜோக் வேற சொல்லுவாங்களே, அதைச் சொல்லிச் சிரிச்சுக்கிட்டு இருந்தேன். மூணு மாசத்துல அம்பது காசு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வந்துடுச்சு, என் வீட்டுக்காரி செருப்புல எண்ணெய் ஒட்டி வீட்டு மொசைக்ல எல்லாம் தடம் பதிய ஆரம்பிச்சதும் சிரிப்பு நின்னுபோச்சு.

அதைவிடப் பெரிய விஷயம் டுரியான் சீசன்ல நடந்தது. அம்மாவை ஏத்திக்கிட்டு பாலேக் பூலாவ் போறேன், ஜாலான் துன் சர்டோன்ல மேடு ஏறும்போது ரெண்டாவது கியர்ல மிதிக்கிறேன், என்ஜின் மட்டும் கத்துது காடி ஏறவே மாட்டேங்குது, பின்னாடி இருந்து கருகுன நாத்தம். கிளச் வழுக்குது. பின்னால ஒரு லோரி ஹாரன் அடிச்சுக்கிட்டே வர்றான், அம்மா முருகா முருகாங்கிறாங்க. எப்படியோ ஒரு ஓரமா ஒதுக்கி அரை மணி நேரம் ஆற விட்டு முதல் கியர்லயே ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம். டுரியான் சாப்பிட்டோம், அது வேற விஷயம்.

பீட்டல்ல என்ஜின் பின்னாடி இருக்கு, அதுல ஃபிளைவீல்ங்கிற கனமான சக்கரம் இருக்கிற முனை கியர்பாக்ஸைப் பார்த்து, அதாவது காடியோட முன்பக்கம் பார்த்து இருக்கும். கிராங்க் ஷாஃப்ட், அதாவது என்ஜினுக்குள்ள சுத்துற பெரிய தண்டு, என்ஜினை விட்டு வெளிய வர்ற அந்த வாயிலதான் ஒரு ரப்பர் வளையம், அதுதான் மெயின் சீல். ஃபிளைவீலோட கழுத்து அந்த வளையத்துக்குள்ள உக்காந்து சுத்தும். சீல் விட்டுச்சுன்னா எண்ணெய் நேரா கிளச் இருக்கிற கூண்டுக்குள்ள வடியும், பிளேட்டை நனைக்கும், மிச்சம் என்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ற இடத்துல கீழ சொட்டும். அதனால சொட்டுறது அந்த இணைப்புல, கூடவே கிளச் வழுக்குதுன்னா முதல் சந்தேகம் இந்த சீல்தான்.

நானும் அப்படித்தான் சந்தேகப்பட்டேன், ஒரு பெங்கேல்ல, அதான் வொர்க்‌ஷாப்ல, விட்டேன். எந்த பெங்கேல்னு சொல்லல, நல்ல மனுஷங்கதான். என்ஜினை இறக்கி, சீல் மாத்தி, கிளச் பிளேட் மாத்தி, ரெண்டு நாள்ல குடுத்துட்டாங்க, எழுநூறு வெள்ளி (ரிங்கிட்) கிட்ட ஆச்சு. அட்டை ஆறு வாரம் காஞ்சு இருந்துச்சு. ஏழாவது வாரம் மறுபடியும் அம்பது காசு. திரும்பப் போய்க் கேட்டா சீல் புதுசுதானே அண்ணே, சாமான் குவாலிட்டி அப்படிங்கிறாங்க. இன்னொரு சீல் போட்டுத் தர்றோம், கூலி மட்டும் குடுங்கன்னாங்க. நான் யோசிச்சுட்டுச் சொல்றேன்னு வந்துட்டேன்.

எங்க ஏரியா மாமாக் கடைக்குக் காலையில ஒரு சீன அங்கிள் வருவாரு, எழுபது வயசுக்கு மேல இருக்கும், அந்தக் காலத்துல வோக்ஸ்வேகன் ஃபோமேனா, அதான் மெக்கானிக்கா, இருந்தவரு. தே தாரேக் குடிச்சுக்கிட்டே நான் புலம்புனதைக் கேட்டவரு கிளாஸை வச்சுட்டு காடியைக் காட்டுன்னாரு. என்ஜின் ஆஃப்ல இருக்கு, பின் மூடியைத் திறந்து கீழ இருக்கிற கிராங்க் புல்லியை ரெண்டு கையால பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டுனாரு. டக், டக்னு ஒரு சத்தம். என் கையைப் பிடிச்சு வச்சு அதே மாதிரி ஆட்டச் சொன்னாரு, கையிலயே தெரியுது. அப்புறம் என்னை உள்ள உக்கார வச்சு கிளச்சை மிதிக்கச் சொன்னாரு, மிதிக்கும்போதெல்லாம் புல்லி லேசா வெளிய வருதாம். "சீல் தாக் சாலா லா," சீல் மேல தப்பே இல்ல, கிராங்க் நடக்குது, அதான் எந்த சீல் போட்டாலும் தின்னுடும்னு சொல்லிட்டு மிச்ச தேயைக் குடிக்கப் போயிட்டாரு. எழுநூறு வெள்ளி குடுத்தும் தெரியாதது அஞ்சு நிமிஷத்துல ஓசியில தெரிஞ்சது.

பீட்டல் வச்சிருக்கிறவங்க வேற எதையும் படிக்கலைன்னாலும் இந்தப் புல்லி டெஸ்டை மட்டும் இன்னைக்கே செஞ்சு பாருங்க, ஒரு காசு செலவில்ல. கிராங்க் ஷாஃப்ட் நீளவாக்குல முன்னும் பின்னும் நகர்ற இடைவெளிக்கு எண்ட் பிளேன்னு பேரு, ஃபேக்டரி அளவு 0.07ல இருந்து 0.13 மில்லிமீட்டர் வரைக்கும், 0.15ஐத் தாண்டுனா சரி பண்ணியாகணும். 0.1 மில்லிமீட்டர்ங்கிறது ஒரு பேப்பர் கனம். அவ்வளவுதான் நகரணும், கையில டக்குனு தெரியவே கூடாது. கிளச் மிதிக்கும்போதெல்லாம் கிராங்க்கை அது ஒரு பக்கமாத் தள்ளும், அந்தத் தள்ளலைத் தாங்குறது ஃபிளைவீல் பக்கத்துல இருக்கிற முதல் பேரிங். அந்த பேரிங்கோட முகம் தேய்ஞ்சா இடைவெளி கூடும், கூடுனா ஃபிளைவீல் கழுத்து சீலோட உதட்டுல சுத்துறதோட சேர்த்து இழுத்துத் தள்ளவும் செய்யும், ரப்பர் எத்தனை நாள் தாங்கும் சொல்லுங்க. சிக்னல்ல நிக்கும்போதெல்லாம் கிளச்சை மிதிச்சே வச்சிருக்கிறது இந்த பேரிங்குக்கு எமன், எனக்கு அந்தப் பழக்கம் இருந்துச்சு, இப்ப நியூட்ரல்தான்.

இறக்குறதுக்கு முன்னாடி ஒழுகல் உண்மையிலயே அங்க இருந்துதானான்னு உறுதி பண்ணிக்கணும், ஏன்னா இந்த என்ஜின்ல எண்ணெய் வர்றதுக்கு இடமா இல்ல. ஆயில் கூலருக்கு அடியில ரெண்டு சின்ன ரப்பர் சீல் இருக்கு, அது விட்டாலும் எண்ணெய் என்ஜின் உடம்பு மேல வழிஞ்சு முன்னாடி வந்து மெயின் சீல் மாதிரியே சொட்டும். புஷ்ராட் டியூப், வால்வு கவர், ஆயில் பிரஷர் சுவிட்ச் எல்லாமே இருக்கு. கியர்பாக்ஸோட இன்புட் ஷாஃப்ட் சீல் விட்டா அதுவும் இதே கூண்டுக்குள்ளதான் வரும். அதுக்கு மூக்குதான் கருவி. கியர் ஆயில் கெட்டியா இருக்கும், கந்தக நாத்தம் அடிக்கும், ஒரு தடவை மோந்தா மறக்காது. மினியாக் ஹித்தாம், அதான் என்ஜின் ஆயில், கறுப்பா தண்ணியா வெறும் எரிஞ்ச வாசனையோட இருக்கும். நான் அடிப்பக்கம் முழுக்க டிகிரீசர் அடிச்சுக் கழுவி, காஞ்சதும் அம்மாவோட குட்டிக்கூரா பவுடரை எடுத்துத் தூவிட்டு (கூராவுக்குக் குட்டிக்கூரான்னு மச்சான் அன்னைக்குப் பூரா அதையே சொல்லிக் கடுப்பேத்துனான்) ஜெலுத்தோங் வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வந்து டார்ச் அடிச்சுப் பார்த்தேன். கூலர் பக்கம், டியூப் பக்கம் எல்லாம் பவுடர் வெள்ளையா அப்படியே, இணைப்புக்கு அடியில மட்டும் கறுத்துக் குழைஞ்சு கிடந்துச்சு. சரி, அங்கதான்.

இன்னொரு விஷயம், இதுல என் பங்கும் உண்டு. இந்த என்ஜினுக்கு எண்ணெய் மொத்தமே 2.5 லிட்டர்தான். கடையில 4 லிட்டர் போத்தல்தான் கிடைக்கும், ஒழுகுதே ஒழுகுதேன்னு நான் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி டிப்ஸ்டிக்ல மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரல் கூடவே வச்சிருந்தேன், கூட இருந்தா நல்லதுதானேங்கிற நினைப்பு. நல்லதில்ல. எண்ணெய் கூடுனா கிராங்க் அதை அடிச்சு நுரையாக்கும், உள்ள காத்து அழுத்தம் ஏறும், பலவீனமான வாசல் எதுவோ அது வழியாத் தள்ளும். அதே மாதிரி எண்ணெய் ஊத்துற கழுத்துல இருந்து ஏர் கிளீனருக்குப் போற மூச்சுக் குழாய் அடைச்சிருந்தாலும் இதே கதி. என்னோடதுல அந்தக் குழாய்க்குள்ள மயோனைஸ் மாதிரி ஒரு மஞ்சப் பிசின். கம்பி விட்டுக் குத்தி எடுத்தேன்.

மலேசியா தினத்துக்கு லீவு சேர்ந்து வந்துச்சு, பட்டர்வொர்த்ல இருந்து மச்சான் பாலம் தாண்டி வந்துட்டான், அக்கா புருஷன்தான், ஆனா வயசுல ஒண்ணுதான் எனக்கு, அதனால வாடா போடாதான். என்ஜின் இறக்குறது பார்க்கப் பயமா இருக்கும், வேலை அவ்வளவு இல்ல. பேட்டரி முதல்ல கழட்டணும். ஜெனரேட்டர் வயர், காயில் வயர், பிரஷர் சுவிட்ச் வயர், கார்ப்ரேட்டர்ல சோக் வயர் ஒண்ணு ஒண்ணா கழட்டி மாஸ்கிங் டேப்புல தமிழ்லயே பேர் எழுதி ஒட்டிட்டேன். ஹீட்டர் இந்த ஊருக்கு எதுக்குன்னு அப்பா காலத்துலயே கழட்டிட்டாங்க, அது ஒரு வேலை மிச்சம். பெட்ரோல் ஹோஸ்ல மட்டும் விளையாடாதீங்க, கழட்டுன உடனே ஒரு போல்ட்டைச் சொருகி கிளிப் போட்டு அடைச்சிடணும். நான் கையை வச்ச உடனே அந்த ஹோஸ் காஞ்ச முறுக்கு மாதிரி வெடிச்சிடுச்சு, பீட்டல் ரோட்டுல தீப்பிடிச்ச கதை பாதிக்கு இந்த ஹோஸ்தான் காரணமா இருக்கும்னு எனக்குத் தோணுது. மீட்டர் சில வெள்ளிதான், மாத்திடுங்க.

என்ஜினைப் பிடிச்சிருக்கிறது நாலே நாலு இடம், மேல ரெண்டு கீழ ரெண்டு, எல்லாம் 17 நம்பர் ஸ்பானார். மேல இருக்கிற ரெண்டும் ஃபேன் கூண்டுக்குப் பின்னாடி கண்ணுக்குத் தெரியாது, கையாலயே தடவித்தான் பிடிக்கணும். பின்பக்கத்தை நல்லா உசத்தி ஸ்டாண்டுல நிறுத்தணும், வெறும் ஜாக்கை நம்பி அடியில தலையைக் குடுக்காதீங்க. என்ஜின் எடை 110 கிலோ கிட்ட, ட்ராலி ஜாக் மேல ஒரு பிளைவுட் பலகை வச்சு அடியில ஏந்தி, முதல்ல நேரா பின்னாடி பத்து சென்டிமீட்டர் இழுத்து கியர்பாக்ஸ் ஷாஃப்ட்ல இருந்து விடுபட்டப்புறம்தான் கீழ இறக்கணும். ஷாஃப்ட் உள்ள இருக்கும்போதே இறக்கினா என்ஜின் எடை பூரா அதுல தொங்கி வளைஞ்சிடும். எங்களுக்கு அதெல்லாம் ஒழுங்காப் போச்சு, ஆனா ஆக்ஸிலரேட்டர் கேபிளைக் கழட்ட மறந்துட்டோம். ஏன்டா இறங்க மாட்டேங்குதுன்னு மச்சான் ஒரு அமுக்கு அமுக்குனான், கேபிள் மடங்கிப்போச்சு. புதுசு 25 வெள்ளி.

கிளச் கவரோட ஆறு போல்ட்டையும் குறுக்கு மறுக்கா ஒவ்வொரு சுத்தாத்தான் லூஸ் பண்ணணும், ஒரே பக்கம் கழட்டினா கவர் கோணிடும். பிளேட் நனைஞ்சு கண்ணாடி மாதிரி மின்னுச்சு. அதைப் பெட்ரோல்ல கழுவிப் போட்டுக்கலாம்னு சொல்ற ஆளுங்க உண்டு, எண்ணெய் குடிச்ச பிளேட் சூடான உடனே திரும்பக் கக்கும், போன தடவை பெங்கேல்ல புதுசா போட்ட பிளேட்தான், வயிறு எரிஞ்சுது, ஆனாலும் தூக்கிப் போட்டேன்.

அடுத்தது ஃபிளைவீல் நட்டு. 36 மில்லிமீட்டர், நடுவுல ஒரே ஒரு நட்டுதான் ஃபிளைவீலையே பிடிச்சிருக்கு, அதை இறுக்க வேண்டிய அளவு 35 கிலோகிராம்-மீட்டர், நியூட்டன்-மீட்டர் கணக்குல 343. சாதாரண டார்க் ரெஞ்ச் அவ்வளவு போகாது. சாக்கெட்டும் முக்கால் இஞ்ச் கைப்பிடியும் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில காலையிலயே போய்ப் பேரம் பேசி 30 வெள்ளிக்கு எடுத்தேன். ஃபிளைவீல் சுத்தாம இருக்க ஒரு ஆங்கிள் இரும்பை கிளச் போல்ட் ஓட்டை ரெண்டுல முறுக்கி, மறுமுனையைத் தரையில முட்டுக் குடுத்தோம். கழட்ட ஒன்றரை மீட்டர் பைப். இறுக்குறதுக்கு மச்சான். கணக்கு ரொம்பச் சுலபம், 35 கிலோகிராம்-மீட்டர்னா ஒரு மீட்டர் தூரத்துல 35 கிலோ தொங்குறது, அரை மீட்டர்னா 70 கிலோ. மச்சான் 82 கிலோ. அப்ப நட்டு நடுவுல இருந்து 43 சென்டிமீட்டர்ல சாக்குக் கட்டியில ஒரு கோடு, கைப்பிடியைத் தரைக்குச் சமமா வச்சு, அந்தக் கோட்டுல ஒத்தைக் கால்ல மெதுவா ஏறி முழு எடையையும் போட்டு நிக்கணும், செவுத்தைச் சும்மா விரலால தொட்டுக்கலாம், குதிக்கக் கூடாது. நட்டு நின்னா அளவு சரி. அவனை மூணு தடவை ஏத்தி இறக்குனேன், ஒவ்வொரு தடவையும் ரோட்டி சானாய் வாங்கித் தர்றேன்னு ஒத்துக்கிட்ட பிறகுதான் ஏறுவான். கழட்டுறதுக்கு முன்னாடி ஃபிளைவீலுக்கும் கிராங்க்குக்கும் நேரா பஞ்ச்ல ஒரு புள்ளி வச்சுக்குங்க, அதே நிலையில திரும்ப மாட்டத்தான்.

ஃபிளைவீல் இன்னும் மாட்டியிருக்கும்போதே இருக்கிற எண்ட் பிளேயை அளந்தோம். டயல் கேஜ் (நுண்ணிய நகர்வை அளக்குற கருவி) பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில வேலை செய்யுற கூட்டாளிகிட்ட ஓசி. காந்த அடி வச்ச ஸ்டாண்டு. என்ஜின் உடம்புல வைக்கிறேன், ஒட்டல, சறுக்கி விழுது. காந்தம் செத்துப்போச்சுடான்னு மச்சான் திட்டுறான், அப்புறம்தான் உறைச்சது, பீட்டல் என்ஜின் கேஸ் மெக்னீசியம் கலவை, அதுல காந்தம் ஒட்டாது. தலைகீழா மாத்தி ஸ்டாண்டை இரும்பு ஃபிளைவீல்ல ஒட்டி, கேஜ் முனையைக் கேஸ் மேல முட்ட விட்டோம். முழுசா தள்ளி பூஜ்யத்துல வச்சு, முழுசா இழுத்தா 0.30. அங்கிள் கை பொய் சொல்லல.

கழட்டிப் பார்த்தா உள்ள மூணு ஷிம். மெல்லிசான இரும்பு வளையம், பேரிங்குக்கும் ஃபிளைவீலுக்கும் நடுவுல எப்பவும் மூணு இருக்கணும், இதோட கனத்தை மாத்தித்தான் எண்ட் பிளே வைக்கிறது. 0.24, 0.30, 0.32, 0.34, 0.36, 0.38னு கிடைக்கும். என்னோடது 0.30, 0.30, 0.24, கூட்டுனா 0.84. அதுகூட 0.30 இடைவெளி, மொத்தம் 1.14. எனக்கு வேணுங்கிறது 0.10 இடைவெளி, அப்ப ஷிம் 1.04 வரணும். 0.34 ரெண்டு, 0.36 ஒண்ணு. சரியா 1.04! பேப்பர்ல கணக்கு வந்தா போதாது, சீலும் ஓ ரிங்குங்கிற சின்ன ரப்பர் வளையமும் இல்லாம ரெண்டு 0.34 மட்டும் போட்டு ஃபிளைவீலை மாட்டி மச்சானை ஏத்தி முழு இறுக்கம் குடுத்து திரும்ப அளக்கணும். 0.46 வந்துச்சு. அதுல 0.10 கழிச்சா மூணாவது ஷிம் 0.36. ரெண்டு வழியிலயும் ஒரே விடை வந்ததும் எனக்கு ஸ்கூல்ல கணக்குல நூறு வாங்குன மாதிரி இருந்துச்சு, வாங்குனதில்ல, வாங்கியிருந்தா இப்படித்தான் இருந்திருக்கும்.

முன்ன வேலை பார்த்தவங்க பழைய ஷிம்மையே அப்படியே திரும்பப் போட்டிருக்காங்க, அளக்கல. அது மட்டுமில்ல, ஃபிளைவீலோட கழுத்துக்குள்ள ஒரு ஓ ரிங் இருக்கு, கிராங்க் முனைக்கும் ஃபிளைவீலுக்கும் நடுவுல எண்ணெய் கசியாம இருக்கிறதுக்கு. அது பழசே கிடந்துச்சு, நகத்தால நோண்டினா பிளாஸ்டிக் மாதிரி பொடிப்பொடியா வருது. சீல் எவ்வளவு நல்லதா இருந்தாலும் இது வழியா வந்திருக்கும். ரெண்டு மூணு வெள்ளி சாமான். நல்ல சீல் செட்ல கூடவே வரும், பாக்கெட்டை உதறிப் பார்க்காமத் தூக்கிப் போட்டுடாதீங்க.

சீல் மாட்டுறதுலதான் நானே சொதப்புனேன். பழசை எடுக்கும்போது ஜாக்கிரதையாத்தான் இருந்தேன், மெக்னீசியம் மெத்துனு இருக்கும், ஸ்க்ரூடிரைவர் ஒரு கீறல் போட்டா அந்தக் கீறல் வழியாவே எண்ணெய் வரும்னு மரத்துண்டு வச்சு நெம்பி எடுத்தேன். குழியைத் துணியால துடைச்சு சுத்தம் பண்ணி, கறுப்பு சீலுக்குப் பதிலா சூடு தாங்குற ஆரஞ்சு சிலிக்கான் சீல் வாங்கியிருந்தேன், 35 வெள்ளி. ஷிம் மூணையும் எண்ணெய் தடவி உள்ள வச்சுட்டு, சீலை ஸ்ப்ரிங் தெரியுற பக்கம் என்ஜினைப் பார்த்து இருக்கிற மாதிரி வச்சு, சுத்தியலால சுத்திச் சுத்தித் தட்டுறேன், ஒரு பக்கம் இறங்குது மறுபக்கம் எழும்புது, அதை அடிச்சா இது எழும்புது. கோபத்துல ஒரு அடி ஓங்கி வச்சேன், ஓரம் மடங்கிடுச்சு. 35 வெள்ளி போச்சு. நல்லவேளை ரெண்டு வாங்கி வச்சிருந்தேன், எப்பவும் ரெண்டு வாங்குங்க. ரெண்டாவதுக்கு அவசரப்படல. சீல் அகலத்துக்கு ஒரு தடிச்ச இரும்புத் தட்டை நடுவுல ஓட்டை போட்டு, ஃபிளைவீல் நட்டையே விட்டு முறுக்க முறுக்க சீல் நாலு பக்கமும் சமமா சத்தமே இல்லாம உள்ள போய் உக்காந்துச்சு. இதை முதல்லயே செஞ்சிருக்கலாம். கடைசியில விரலை வச்சு சுத்தித் தடவிப் பாருங்க, எங்கயும் மேடு பள்ளம் இருக்கக் கூடாது.

ஃபிளைவீல் கழுத்துல சீலோட உதடு ஓடுன தடம் ஒரு கோடா இருக்கும். நகத்தை அது மேல இழுத்துப் பாருங்க, நகம் மாட்டுச்சுன்னா மெஷின் ஷாப்ல குடுத்து ஸ்லீவ் (மேல மாட்டுற மெல்லிசான உறை) போடணும், இல்லைன்னா புது சீலும் நிக்காது. என்னோடதுல கோடு தெரிஞ்சது, நகம் மாட்டல. நைஸ் எமரி பேப்பரை எண்ணெயில நனைச்சு, சுத்துற திசையிலயே தேய்ச்சேன். நீளவாக்குல தேய்ச்சிடாதீங்க, ஒவ்வொரு கீறலும் எண்ணெய்க்கு வாய்க்கால் வெட்டி விட்ட மாதிரி ஆயிடும். உதட்டுல கொஞ்சம் எண்ணெய், நட்டுக்குள்ள இருக்கிற சின்ன ஊசி பேரிங்குக்கு ஒரு பட்டாணி அளவு கிரீஸ், கூடப் போனா அதுவே பறந்து கிளச் பிளேட்டை நனைக்கும். சீலுக்குக் கீழ கேம் ஷாஃப்ட் முனையை மூடுற ஒரு வட்ட மூடி இருக்கு, அதுவும் ஒழுகுற ஆசாமிதான், அது விட்டிருந்தா என்ஜினை ரெண்டாப் பிளக்காம ஒழுங்காச் சரி பண்ண முடியாது. துடைச்சுட்டு ராத்திரி பூரா டிஷ்யூ ஒட்டி வச்சேன், காலையில காஞ்சே இருந்துச்சு.

கிளச் பிளேட்டை நடுவுல நிறுத்துற கருவி இல்ல, துடைப்பக் கட்டையை அறுத்து டேப் சுத்தி அளவாக்கி விட்டோம், கச்சிதம். என்ஜினை ஏத்துறதுலதான் மூணு மணி நேரம் போச்சு, ஷாஃப்ட் நுழைய மாட்டேங்குது, நாங்க ரெண்டு பேரும் படுத்துக்கிட்டு ஒருத்தன் தள்ள ஒருத்தன் புல்லியைச் சுத்த, மழை வேற பிடிச்சுக்கிச்சு, அம்மா குடை பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க, உங்க அப்பா தனியாவே ஏத்துவாருங்கிறாங்க. அது பொய், அப்பா ஸ்பானார் பிடிச்சு நான் பார்த்ததே இல்ல. கியரைப் போட்டு புல்லியை ஒரு சிட்டிகை திருப்பினதும் சளக்குனு போய் உக்காந்துச்சு.

எண்ணெய் 20W-50, அளந்து 2.5 லிட்டர், ஒரு சொட்டு கூட இல்ல. வடிகட்டித் தட்டோட ஆறு சின்ன நட்டையும் பலம் குடுத்து இறுக்காதீங்க, அது கையளவு இறுக்கம்தான், ஸ்டட் மெக்னீசியத்துல இருந்து பிடுங்கிக்கிட்டு வந்துடும். பழைய எண்ணெயைப் போத்தல்ல ஊத்திப் பக்கத்து பெங்கேல் டிரம்ல சேர்த்துட்டேன். சாமான் எல்லாம் சேர்த்து, வீணாப்போன சீலு, கேபிள், புது கிளச் பிளேட், எல்லா சைஸ்லயும் வாங்குன ஷிம், சந்தையில வாங்குன சாக்கெட்டு வரைக்கும், 400 வெள்ளிக்குள்ள. மச்சானோட ரோட்டி சானாய் கணக்கு தனி. சாமான் கிடைக்குமான்னு பயப்பட வேணாம், மெக்சிகோவுல 2003 வரைக்கும் இந்தக் காடியைப் போட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க, அதனால சாமான் இன்னும் வருது.

ஒண்ணு ஒளிக்காம சொல்லிடறேன், ஷிம் போட்டது தேய்ஞ்ச பேரிங்கைப் புதுசாக்காது, தேய்ஞ்ச இடத்தை நிரப்பி வச்சிருக்கு, அவ்வளவுதான். அங்கிள்கிட்ட கேட்டேன், புல்லியை மறுபடியும் பிடிச்சு ஆட்டிப் பார்த்துட்டு, ரெண்டு வருஷம் ஓட்டு, மாசத்துக்கு ஒரு தடவை ஆட்டிப் பாரு, டக்குனு கேட்டா என்ஜினைப் பிளக்கணும்னாரு. அதுக்கு இப்பவே தனியா ஒரு டின்ல காசு போட ஆரம்பிச்சிருக்கேன்.

பத்து மாசம் ஆச்சு. போன வாரம் அம்மாவை ஏத்திக்கிட்டு அதே ஜாலான் துன் சர்டோன்ல ரெண்டாவது கியர்ல ஏறுனேன், வழுக்கல. அட்டையைப் புதுசா மாத்திட்டேன், இணைப்புக்கு நேரா கீழ காஞ்சு கிடக்கு. இடது பக்கம் மட்டும் பத்து காசு அளவுக்கு ஒரு சொட்டு. மோந்து பார்த்தேன், எரிஞ்ச எண்ணெய்தான், வால்வு கவர் பக்கம் இருந்து வருது. குட்டிக்கூரா டப்பாவைத் தேடினா அம்மா ஒளிச்சு வச்சிருக்காங்க.